ஐஸ் மேடத்தின் வாளி

அந்தக் கல்லூரியில் உளவியல் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஐஸ் மேடம். சிடுசிடுப்பானவர் என்று நினைத்துவிட வேண்டாம். எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். மனிதர்கள் வலியை எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஐஸ் மிதக்கும் வாளிக்குள் கையை விட வேண்டும், முடியாதபோது எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுகளே குடித்தனம் நடத்தின.

"ஃப்ரிட்ஜில காய்கறிக்கு இடமில்ல, வீட்டுல கட்டின புருஷனுக்கு ஏதோ கொஞ்சம் இடமிருக்கு" என்பார் வீட்டுக்காரர்.

வாளிக்குள் கைவிட ஆள் வேண்டுமே? மேடம் தன் வகுப்பிலேயே கேட்டார். "கட்டாயம் ஒண்ணும் இல்ல. இஷ்டம் இருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க."

அத்தனை கைகளும் மேலே போயின. மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தன்மேல் என்ன பிரியம்! அவர்களுக்கு மதிப்பெண் போடுவதும் தான்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர், பாவம்.

ஆராய்ச்சி அமோகமாக நடந்தது. வேறெங்கும் யாரும் தாங்காத அளவுக்கு இவருடைய மாணவர்கள் தாங்கினார்கள். கட்டுரை வெளிவந்தால் பல வருடமாகக் கண்ணாமூச்சி காட்டிய துறைத் தலைவர் பதவி இவருக்குத்தான்.

கடைசியாக வந்தவள் பின்வரிசையில் உட்காரும் நெட்டைப் பெண். அதிகம் பேசாதவள். கையை விட்டாள். மேடம் பக்கத்தில் நின்று, எல்லோரிடமும் சொல்வதைப் போலவே, "வலிச்சா எடுத்துடும்மா" என்றார். அவள் சிரித்தாளே தவிர எடுக்கவில்லை. மேடம் வைத்திருந்த அதிகபட்ச நேரமும் முடிந்து வெளியே எடுத்தபோது விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தன. குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்தம் சரியாகப் போகாதாம், சின்ன வயதிலிருந்தே.

மேடத்துக்குப் பகீரென்றது. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"பைத்தியக்காரப் பொண்ணே, முதல்லயே சொல்றதுக்கென்ன? வலிச்சதும் எடுத்திருக்கலாம்ல?"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களே மேடம். எப்படி எடுக்கிறது?"

"எல்லாரும் அப்படித்தான் வச்சிருந்தாங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளும் தான் அளந்தது வலியை அல்ல, தன்மேல் இருந்த பயத்தை என்று மேடத்துக்குப் புரிந்தது. விரல்களுக்கு நிறம் திரும்பும்வரை அவர் கையை விடவில்லை.

மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டார். திரட்டியது எதையும் பயன்படுத்தப் போவதில்லை, இனி தன் மாணவர்களை ஆராய்ச்சிக்குக் கூப்பிடப் போவதுமில்லை என்றார். துறைத் தலைவர் பதவி பக்கத்து அறைப் பேராசிரியருக்குப் போயிற்று. வாளி துடைப்பத்துக்குத் துணையாகப் போயிற்று. பதவி போனதைவிட, அதன்பின் எந்த மாணவர் "சரிங்க மேடம்" என்றாலும் அதை நம்ப முடியாமல் போனதுதான் அவரை வாட்டியது.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், கை நிறையப் புத்தகங்களோடு படியிறங்கும்போது அந்த நெட்டைப் பெண் எதிரே வந்தாள்.

"இதுல பாதிய நூலகம் வரைக்கும் தூக்கிட்டு வர்றியாம்மா?"

"முடியாது மேடம், பஸ் போயிடும்!" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். வாசலில் திரும்பி, வாளியில் விட்ட அதே கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மேடம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைத்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தி முடியாதுன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்? கல்யாணமான நாள்லேருந்து நானும் சொல்லிட்டுத்தானே இருக்கேன்!"