மாட்டுக்குப் போட்ட பல்பு

போன ஞாயிற்றுக்கிழமை கடத்தூர் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தேன். அதே வீட்டில் எடுத்த படம். சொந்த வீட்டை டிவியில் பார்ப்பவர்கள் கதையைப் பார்ப்பதில்லை. “அந்தக் காலண்டர் தெரியுது பாரு” என்று காலண்டரைத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டைப் பிடித்துக் கொடுத்தவன் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. போர்வெல் லாரி, புரோட்டா கடை, கிரானைட் குவாரி என்று சுற்றியதில் ஒரே லாபம், எந்தத் தெருவில் எந்த வீடு என்று தெரியும். இப்போது சினிமாக்காரர்களுக்கு லொகேஷன் காட்டுகிறேன்.

இந்தப் படத்தின் டைரக்டர் சென்னைக்காரர். நல்ல மனிதர். கொள்கை உள்ளவர். சினிமா லைட் எதுவும் கிடையாது. வீட்டில் எரியும் விளக்குதான் படத்துக்கும் விளக்கு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பொருள் ஃபிரேமுக்குள் தெரிந்தாக வேண்டும். “பொய் வெளிச்சம் வேணாம்ணே” என்பார்.

அந்த வீட்டுக்காரர் செல்வியக்கா. முன்னறையில் ஒரு குண்டு பல்பு தொங்கியது. மஞ்சள். மேலே அடுப்புப் புகை படிந்து பாதி கறுத்திருந்தது. டைரக்டர் அதன் முன்னால் கர்ப்பக்கிரகத்துக்கு எதிரில் நிற்பதுபோல நின்றார்.

“இந்த ஒரு பல்பு போதும்ணே.”

நானும் தலையாட்டினேன். அந்த மாதிரி பல்புக்கடியில் வளர்ந்தவன்தான் நான். சோற்றில் கிடக்கும் கல் தெரியாது. மூலையில் இருக்கும் தேள் தெரியாது. ஒரு தடவை கொட்டியும் இருக்கிறது. அழகு மட்டும் ஏனோ கண்ணில் படவே இல்லை... ஒருவேளை வெளிச்சம் போதவில்லையோ என்னவோ!

அடுத்த வாரம் யூனிட்டோடு போய் இறங்கினால் வீடு கண்ணைக் கூச வைத்தது.

நாலு சுவரிலும் எல்இடி ட்யூப்லைட். சுவருக்குப் புது பச்சை பெயிண்ட். வாசலில் சீரியல் செட், காலை வெயிலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் இன்னொரு லைட்டைச் சேர்த்துப் போடுவோம். வருவது கேமரா என்றால் சும்மா விடுவோமா?

டைரக்டரின் முகம் போன போக்கு அந்த வெளிச்சத்தில் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

“அந்தப் பழைய பல்பு எங்கக்கா?”

“அது எதுக்கு சார்? மாட்டுக் கொட்டாயில மாட்டிட்டேன்.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். இருட்டுக் கொட்டாய்க்குள் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பாதி முகம் நிழல், பாதி முகம் பொன். கேமராமேன் பெருமூச்சு விட்டார். ஹீரோயினுக்கு வைத்திருந்த ஷாட் அது.

“கழட்டி மறுபடி உள்ள மாட்டிரலாங்க்கா” என்றார் டைரக்டர்.

“மாட்டுக்குப் போட்ட பல்ப மனுசி தலைக்கு மேல மாட்டச் சொல்றீங்களா சார்?”

அக்காவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு மொரப்பூரில் ஒரு இடம் பேசியிருந்தார்கள். பெண் பார்க்க வந்த பையனின் அம்மா, “பொண்ணு லட்சணமா இருக்குது. வூடுதான் இருண்டு கெடக்குது” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதன்பிறகு பதிலே இல்லை. படம் வந்தால் மொரப்பூரிலும் பார்ப்பார்கள் அல்லவா? அதற்காகத்தான் அக்கா வீட்டைக் கொடுத்ததே.

“படத்துலயும் இருட்டா காட்டினா அந்தம்மா சொன்னது சரின்னு ஆயிடும் சார்.”

டைரக்டர் காட்சியை விளக்கினார். ஏழைப் பெண். ராத்திரி. வீட்டில் ஒரு மணி அரிசி கிடையாது. பசியில் உட்கார்ந்து அழுகிறாள். “இவ்ளோ வெளிச்சத்துல யாருக்கா அழுவாங்க?”

“ஏன், நாங்க அழுவறதில்லியா?”

டைரக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலை ராத்திரி ஆக்கினோம். ஒரே ஒரு தடவை ட்யூப்லைட்டை அணைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். கும்மிருட்டு. உள்ளே புழுக்கம் தாங்காமல் ஹீரோயின் தண்ணீர் கேட்டார். அக்கா மூலையில் இருந்த புது ஃபிரிட்ஜைத் திறந்தார்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம் ஹீரோயினின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது.

“அக்கா! கதவ மூடாதீங்க!” — டைரக்டரும் கேமராமேனும் சேர்ந்து கத்தினார்கள்.

வீட்டு வெளிச்சம் கிடைத்துவிட்டது. ஆனால் ஃபிரிட்ஜுக்குள் தக்காளி, பால் பாக்கெட், கத்திரிக்காய், மாவுப் பாத்திரம், ஸ்வீட் பாக்ஸ் என்று கதவை மீறிப் பிதுங்கியது.

“எல்லாத்தையும் எடுத்துட்டு காலி ஃபிரிட்ஜா காட்டலாங்க்கா.”

“என் வூட்டு ஃபிரிட்ஜ் காலியா கெடக்கறத மொரப்பூரு பாக்கணுமா?”

“சரி, ஃபிரிட்ஜே தெரியாம எடுத்துக்கறோம். வெளிச்சம் மட்டும் போதும்.”

“வெளிச்சம் எங்கிருந்து வருதோ அது தெரிஞ்சே ஆவணும்னு காலையிலிருந்து சொன்னது நீங்கதான சார்?”

கொள்கை உள்ளவர்களிடம் இது ஒரு வசதி. கட்டிப்போடக் கயிறு தேட வேண்டாம், அவர்களிடமே இருக்கும்.

அப்படியே எடுத்தார்கள். படம் வந்ததும், நிறைந்த ஃபிரிட்ஜ் முன்னால் பசித்த பெண் அழுவது நுகர்வு உலகத்துக்கு விழுந்த சாட்டையடி என்று ஒரு விமர்சகர் எழுதினார். டைரக்டர் மறுக்கவில்லை.

எனக்கு ஒன்று புரிவதில்லை. பெங்களூரில் பெரிய ஹோட்டல்களில் மெனு கார்டைப் படிக்க செல்போன் டார்ச் அடிக்கிறார்கள். அவ்வளவு இருட்டு, அதற்கு ஏற்ற பில். அந்த இருட்டை நாங்கள் காலமெல்லாம் ஓசியில் வைத்திருந்தோம். ஒழியட்டும் என்றுதான் ட்யூப்லைட்டே வாங்கினோம்!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படம் பார்க்க அக்கா கூப்பிட்டு, மொரப்பூர்ப் பையனின் அம்மாவும் வந்திருந்தார். செல்வியக்கா டிவி பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகைக் காட்சி வந்தது.

“இருட்டாத்தான் இருக்குது” என்றார் அந்த அம்மா.

அக்காவின் கை முந்தானையைப் பிடித்துத் திருகியது.

“ஆனா வூட்டுல ஒரு கொறையும் இல்ல போலிருக்குது... ஏம்மா, இவ்ளோ தக்காளிய பக்கத்துல வெச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது? ஒரு ரசம் வெச்சிக் குடிச்சா என்னா?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்குவதற்குள், கல்யாணத்துக்கு ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துவிடலாம் என்றார் அந்த அம்மா. அக்கா எழுந்து போய் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து ஸ்வீட் பாக்ஸை எடுத்து வந்தார்.

பழைய பல்பு இன்னும் கொட்டாயில்தான் எரிகிறது. உலகத்தரமான லைட்டிங்கில் அசைபோடுகிற பசுவிடம்தான் இதுவரை எந்த டைரக்டரும் நடிக்கக் கேட்டுக் கதை சொல்லவில்லை.