எதிரணிக்குக் கைதட்டிய அன்ரிமார்

நான் படித்த பல்கலைக்கழகத்தில் விளையாட்டு என்றால் ஃபுட்போல்தான். தலைக்கவசம் அணிந்தவர்கள் நீள்வட்டப் பந்தொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் அவர்கள்மேல் விழும் ஆட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் உதைபந்தாட்டம் என்று சொல்வது வேறு. செப்டெம்பர் மாதம் பிறந்ததும் வளாகம் முழுவதும் நீலக் கொடிகள் ஏறிவிடும். ஆட்டத்தின் விதிகளை நான்கு ஆண்டுகளாகியும் அறியாத மாணவர்கள்கூட முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு மழையில் நின்று கத்துவார்கள். அந்த அணி பெரும்பாலும் தோற்கும். அதனால் ஆதரவு குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி ஒன்றும் இருந்தது. அது பெரும்பாலும் வெல்லும். அதைப் பார்க்க வந்தவர்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். வீராங்கனைகளின் காதலர்கள் நால்வர், பயிற்றுநரின் மாமியார், கைப்பேசிக்கு மின்னேற்ற இடம் தேடி வந்த ஒருவர், பிறகு நான். மின்னேற்றம் முடிந்ததும் அவர் எழுந்து போய்விட்டார்.

அணியின் தலைவி என் தோழி. இருவரும் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரே மாடிக்கட்டடத்தில் வளர்ந்தவர்கள். அவளுடைய குடும்பம் பின்னர் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டது. பல்கலைக்கழகம் எங்களை மறுபடியும் ஒன்றாக்கியது. அவள் பந்து விளையாடினாள். நான் மாணவர் பேரவையில் அறிக்கைகள் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டின் ஜனவரி மாதத்தில் விளையாட்டுத் துறையிலிருந்து அணிக்குக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் குளிர்காலத்தில் பெரிய உள்ளரங்கு ஃபுட்போல் அணியின் பயிற்சிக்குத் தேவைப்படும். எனவே பெண்கள் கூடைப்பந்தாட்டம் பழைய அரங்குக்கு மாற்றப்படும். ஆட்டங்கள் வார நாட்களில் காலை எட்டு மணிக்கு நடைபெறும். பழைய அரங்கின் கூரை மிகத் தாழ்ந்தது. தூரத்திலிருந்து எறிந்தால் பந்து வெப்பக் குழாயில் பட்டுத் திரும்பிவரும். கடிதத்தின் கடைசி வரியில் ஒரு சலுகை இருந்தது: பருவத்தின் இறுதி உள்ளூர் ஆட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வந்தால் முடிவை மீளாய்வு செய்வார்கள்.

"எனக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு," என்றாள் தோழி. "அந்த ஒரு வருசத்தை நான் பைப்புக்கு அடிச்சு முடிக்கிறதே?"

நான் என்னால் இயன்றதைச் செய்தேன். 'இடமாற்றத்தின் சமூக விளைவுகள்' என்ற தலைப்பில் பதினொரு பக்க அறிக்கை எழுதினேன். அதில் பாலினச் சமத்துவம், காலைப் பேருந்துகளின் நெரிசல், வெப்பக் குழாயின் ஆயுள் ஆகிய மூன்றையும் தனித்தனியாக ஆராய்ந்திருந்தேன். துறையின் உதவிப் பணிப்பாளர் இரண்டு வரிகளில் நன்றி தெரிவித்தார். துண்டுப்பிரசுரம் அச்சிட்டு ஃபுட்போல் சங்கத்தின் குளிர்கால விருந்து வாசலில் நின்று கொடுத்தேன். அனைவரும் மரியாதையாக வாங்கினார்கள். உள்ளே போனபோது அவை ஈரச் சப்பாத்துகளுக்குக் கீழே விரிக்கப்பட்டிருந்தன.

வழி என் அம்மாவிடமிருந்து வந்தது. அதை அவர் வழியாக நினைத்துச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். "பனியெண்டால் என்ன, மழையெண்டால் என்ன, எங்கட ஸ்கூல் விசயமெண்டால் ஆக்கள் வருவினம். எண்பது சேலை நான் பொறுப்பு!"

அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்தவர். அதன் பழைய மாணவிகள் சங்கத்துக்கு ரொறன்ரோவில் அவர்தான் செயலாளர். சங்கத்தின் நிறம் பச்சை. தோழியின் தாயார் படித்தது வீதிக்கு மறுபக்கத்துப் பாடசாலையில். அவர்களுக்கும் இங்கே சங்கம் உண்டு; அவர்களின் நிறம் மெரூன். இரு தரப்பும் பாடசாலைக் காலத்தில் ஆண்டுதோறும் வலைப்பந்தாட்டத்தில் மோதியவர்கள். அம்மாவுடைய அணி கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும்.

அம்மா எண்பது பேரைக் கூட்டினால் மறுபக்கமும் எண்பதுக்குக் குறைய விடாது. எண்பதும் எண்பதும் நூற்றறுபது. இரு சங்கங்களையும் அழைப்பது என்று முடிவுசெய்தேன். விளைவுகளையும் எடைபோட்டேன். மற்றவர்களும் வருகிறார்கள் என்று சொன்னால் யார் முதலில் விளக்கேற்றுவது என்ற கேள்வி எழும். கூடைப்பந்தாட்டத்தில் விளக்கேற்றுவதில்லை என்று விளக்குவதற்குள் பருவம் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால், நேரில் சந்திக்கும்போது பொது நோக்கம் ஒன்று அவர்களை இணைக்கும். இவ்வளவு காலம் கடந்துவிட்டது, கடலும் கடந்தாயிற்று. நான் அப்படித்தான் நம்பினேன். நம்பிக்கைக்கு ஆதாரமாக என் குறிப்பேட்டில் 'புலம்பெயர் ஒருமைப்பாடு' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பச்சைச் சேலைக்காரர் மஞ்சள் நிறப் பாடசாலைப் பேருந்தில் ஒரு மணிக்கே வந்து இறங்கினார்கள். குளிர்ச் சட்டைகளுக்குக் கீழே காஞ்சிபுரம். கையில் பதாகை, ஃபிளாஸ்க், பொரித்த றோல்ஸ் நிறைந்த தட்டுகள். உதவிப் பணிப்பாளர் வாசலில் எண்ணும் கருவியோடு நின்றார். ஒவ்வொருவர் நுழையும்போதும் கட்டை விரலால் அழுத்தினார். நாற்பது தாண்டியதும் கருவியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார்.

பச்சைச் சங்கம் எங்கள் அணிக்கான உள்ளூர்ப் பக்கத்து இருக்கைகளை முழுவதும் பிடித்துக்கொண்டு, முன்வரிசையில் பதாகையைக் கட்டியது.

மற்றச் சங்கத்தை ஏற்றிக்கொண்டு அஜக்ஸிலிருந்து வந்த பேருந்து 401 நெடுஞ்சாலையில் அகப்பட்டுக்கொண்டது. அது ஒருவழியாக வந்து சேர்ந்து மெரூன் சேலைகள் அரங்குக்குள் வந்தபோது ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடமே இருந்தது. முன்னே வந்த சங்கத் தலைவி பச்சைப் பதாகையைக் கண்டார். நின்றார். அவருக்குப் பின்னால் எழுபது பேர் நின்றார்கள்.

"பிள்ளை," என்றார் என்னிடம், மிக அமைதியாக. "உவையும் வருவினம் எண்டு நீர் எங்களுக்குச் சொல்லேல்லை."

"அன்ரி, எல்லாரும் ஒரே ரீமுக்குத்தானே கைதட்டப் போறம். அவையளுக்குப் பின்னால நிறைய இடம் இருக்கு."

"பின்னாலயோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் என் அடிக்கோடு அழிந்தது.

அப்போது எதிரணி களத்துக்கு ஓடிவந்தது. தூரத்து நகரமொன்றிலிருந்து நான்கு மணி நேரம் பயணித்து வந்த அணி. ஆதரவாளர் ஒருவர்கூட இல்லை. அவர்களின் சீருடை மெரூன்.

சங்கத் தலைவியின் முகம் மலர்ந்தது. "அட, எங்கட பிள்ளையள் அங்கயெல்லோ நிக்கினம்! வாங்கோ எல்லாரும்."

எழுபது பேரும் அரங்கின் மறுபக்கத்துக்கு, கூடைக்குப் பின்னாலிருந்த இருக்கைகளுக்கு நடந்தார்கள். கடைசியாக நடந்தவர் என் தோழியின் தாயார். அவர் ஒரு தடவை களத்தைப் பார்த்தார். ஒரு தடவை தன் சங்கத்தைப் பார்த்தார். சங்கத்தின் உப தலைவி அவர். போனார்.

களத்தில் உடல் சூடேற்றிக்கொண்டிருந்த தோழி என்னிடம் ஓடிவந்தாள். "எடியே, வாட் இஸ் திஸ்? ஏன் என்ர அம்மா அந்தப் பக்கம் இருக்கிறா?"

"நூற்றைம்பது வந்திட்டுது," என்றேன். சொல்வதற்கு அப்போதைக்கு என்னிடம் வேறு நல்ல செய்தி இருக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. இரு தரப்புக்கும் தெரிந்தது வலைப்பந்தாட்டம் மட்டுமே; அதில் பந்தைப் பிடித்தவர் நகரக் கூடாது. தோழி பந்தைத் தட்டிக்கொண்டு முதல் ஓட்டம் ஓடியபோதே பச்சைப் பக்கமிருந்து அம்மா எழுந்தார். "ஸ்டெப்பிங்! றெஃபரி, ஸ்டெப்பிங்!"

"அம்மா, அது எங்கட ஆள்," என்றேன்.

"எங்கட ஆளெண்டாலும் பிழை பிழைதான். பந்தோட ஓடுறாள், பாக்கேல்லையே?"

மறுபக்கத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் ஓடினால் திறமை. மற்றவர்கள் ஓடினால் களவு என்பதை மெரூன் தரப்பு உடனே புரிந்துகொண்டது. எதிரணி வீராங்கனைகளின் பெயர்கள் தெரியாததால் அவர்களை அடையாளங்களால் அழைத்தார்கள். "குதிரைவால் பிள்ளை, எறியம்மா எறி!" "நெட்டைப் பிள்ளை, நல்லா மறி!" அந்தப் பெண்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நான்கு மணி நேரம் பயணித்து வந்த இடத்தில் எழுபது பேர் சேலையுடுத்தித் தங்களுக்காக நிற்பது விளங்கியது. அவர்கள் அதற்கு முன் அப்படி விளையாடியிருக்க மாட்டார்கள். பாதியாட்டத்தில் எங்கள் அணி எட்டுப் புள்ளிகள் பின்னால் நின்றது.

இடைவேளையில் நான் விளைவுகளை மீண்டும் எடைபோட்டேன். அரங்கு காப்பாற்றப்பட்டுவிட்டது, ஆட்டத்தில் என்னால் தோற்கப்போகிறோம். இரண்டில் எது பெரிது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பச்சைத் தரப்பின் றோல்ஸ் தட்டு ஒன்று யாருடைய அனுமதியுமின்றி எதிர்ப்பக்கத்துக்குப் போவதைக் கண்டேன். ஒருமைப்பாடு பிறந்துவிட்டதென்று நெஞ்சு விம்மியது. தட்டு திரும்பி வந்தது. அதில் ஒரே ஒரு றோல்ஸ் கடிக்கப்பட்டு வைக்கப்பட்டிருந்தது.

"உப்புக் காணாதாம்," என்று கொண்டுபோனவர் அறிவித்தார்.

அதன் பிறகு பச்சைத் தரப்பு விதிகளை மறந்தது. அம்மா உட்பட எவரும் ஸ்டெப்பிங் கேட்கவில்லை. தட்டுகளைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். எங்கள் அணி ஒவ்வொரு புள்ளியாக ஏறியது. ஃபுட்போல் வீரர்கள் சிலர் சத்தம் கேட்டு உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்து, வாசலில் வாயைத் திறந்தபடி நின்றார்கள். உதவிப் பணிப்பாளர் அவர்களையும் எண்ணினார்.

ஆட்டம் முடிய நான்கு விநாடிகள் இருந்தபோது எதிரணி ஒரு புள்ளி முன்னால் நின்றது. தோழியை எதிரணியில் யாரோ தள்ளிவிட, நடுவர் அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். களத்தில் அனைவரும் விலகி நிற்க, அவள் கோட்டில் தனியாக நின்று எறிய வேண்டும். ஒன்று விழுந்தால் சமம். இரண்டும் விழுந்தால் வெற்றி. அவளுக்கு நேரெதிரே, கூடைக்குப் பின்னால், மெரூன் சேலைகள். எறிபவரைக் குழப்பக் கத்துவது அந்த ஆட்டத்தின் வழக்கம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். குரவையிட்டார்கள், கைதட்டினார்கள், கால்களால் இருக்கைப் பலகையை உதைத்தார்கள். "விழாது! விழாது!"

தோழி பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவள் கையை உயர்த்தியபோது மெரூன் வரிசையின் நடுவில் ஒருவர் எழுந்து திரும்பித் தன் சங்கத்தைப் பார்த்துக் கத்தினார்.

"வாயை மூடுங்கோ எல்லாரும்! அது என்ர பிள்ளை!"

அரங்கு அப்படியே உறைந்தது. பச்சைத் தரப்புத் தட்டுகளும் அடங்கின. மெரூன் சங்கத் தலைவி தலையில் கைவைத்தார். அந்த அமைதியில் தோழி எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. மீண்டும் எறிந்தாள். அதுவும் வெளியே.

ஒரு புள்ளியால் தோற்றோம்.

எதிரணிப் பெண்கள் ஓடிப்போய் மெரூன் அன்ரிமாரைக் கட்டிப்பிடித்தார்கள். அவர்களின் பயிற்றுநர், அடுத்த வாரம் தங்கள் ஊரில் நடக்கும் ஆட்டத்துக்கு இவர்களை அனுப்ப முடியுமா என்று என்னிடம் கேட்டார். உதவிப் பணிப்பாளர் கருவியை என்னிடம் நீட்டிக் காட்டினார்: நூற்று அறுபத்தொன்று. "அரங்கு உங்களுடையது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த இரண்டு குழுக்களும் செப்டெம்பரில் ஃபுட்போலுக்கும் வருமா என்று விசாரித்தார். எழுத்துமூலம் பதில் தருவதாகச் சொன்னேன். இன்னும் தரவில்லை.

உடைமாற்றும் அறை வாசலில் தோழியின் தாயார் அழும் நிலையில் நின்றார். "பிள்ளை, உனக்காகத்தானே அவையளை நிப்பாட்டினனான்."

"அம்மா," என்றாள் அவள், துவாயால் முகத்தைத் துடைத்தபடி. "எத்தினை பேர் கத்தினாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. வீட்டில எப்பவும் ரீவீக்குப் பக்கத்திலதானே ஹோம்வேர்க் செய்தனான். நீங்கள் எல்லாரையும் சைலன்ற் ஆக்கினவுடன எனக்குக் கை நடுங்கிப் போச்சு."

தாயார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அப்ப அடுத்தமுறை நானும் கத்தட்டோ?"

"கத்துங்கோ. ஆனால் பிளீஸ், என்ர பக்கத்தில இருந்து கத்துங்கோ."

அடுத்த நவம்பரில், தோழியின் கடைசிப் பருவத்தின் முதல் ஆட்டம் அதே பெரிய அரங்கில் நடந்தது. ஃபுட்போல் அணி பழைய அரங்கில் பயிற்சி எடுத்தது; அவர்களின் பந்து குழாயில் படும் சத்தம் வெளியே நடந்துபோகும்போது கேட்டது. நான் இம்முறை இரு சங்கங்களுக்கும் முழு உண்மையையும் எழுதி, ஒரே கடிதத்தின் இரு பிரதிகளை அனுப்பியிருந்தேன். மெரூன் சேலைகள் பதினொரு மணிக்கே வந்து உள்ளூர்ப் பக்கத்து இருக்கைகளில் சால்வைகளை விரித்து இடம்பிடித்துவிட்டன. முன்வரிசையின் நடுவில் தோழியின் தாயார்.

ஒரு மணிக்குப் பச்சைச் சங்கம் வந்தது. அம்மா வாசலில் நின்று நிலைமையைப் பார்வையிட்டார்.

"பின்னால இடம் இருக்கு அம்மா," என்றேன், அவசரமாக.

"பின்னாலயோ?" என்றார்.

எண்பது பச்சைச் சேலைகள் மறுபக்கம் போய் அமர்ந்தன. இம்முறை நான் தடுக்கவில்லை. விளைவுகளை எடைபோட்டுப் பார்த்ததில் தோழிக்கு அதுதான் நல்லதென்று தோன்றியது. தன் அணி ஆள் எறியும்போது உள்ளூர்ப் பக்கம் அமைதி காப்பது வழக்கம். அவளுக்குத் தேவையான சத்தத்தை எதிர்ப்பக்கம்தான் கொடுக்க முடியும்.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அவள் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தாள். என் அம்மா தட்டைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்தார். "விழாது பிள்ளை! விழவே விழாது!"

தோழி என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இரண்டையும் போட்டாள்.