கருங்கல் வீரனுக்காக ஒரு பெட்டிசம்

இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அது அநியாயம். கருங்கல் வீரனை அவர்கள் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

எனக்கு அப்போது பத்து வயது. கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகம பஸ் நிலையத்துக்கு மேலே, படி ஏறிப் போகிற வீடு எங்களுடையது. பின்னேரம் ஐந்து மணிக்கு டீவிக் கார்ட்டூனில் தமிழ் பேசிக்கொண்டு வருவான் கருங்கல் வீரன். சொந்த ஊர் எரிந்துபோய், உறவென்று ஒருவருமில்லாமல் மலையிலிருந்து இறங்கி வந்தவன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். சிரிக்கவே மாட்டான். எதிரியை அடித்துப் போட்டுவிட்டு மழைக்குள் நடந்து போய்க்கொண்டே இருப்பான். "இவன் ஏண்டி எப்ப பாத்தாலும் உம்முன்னே இருக்கான்?" என்று அம்மா கேட்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கதையை விளக்குவேன். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை.

அம்மா போய் ஆறேழு மாதத்தில் அந்தக் கொடுமை நடந்தது. "புத்தம் புதிய கருங்கல் வீரன்" என்று விளம்பரம் போட்டார்கள். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு, முகம் கழுவி, நேரத்தோடு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வந்தான். தலை ஒரு பூசணிக்காய். கால் இரண்டும் கட்டை. நாலு வார்த்தைக்காரன் வாய் ஓயாமல் அலட்டினான். கரப்பான் பூச்சியைக் கண்டு மேசை மேல் ஏறினான். பாண் ரொட்டி சுடுவதைப் பற்றி ஒரு பாட்டு, அதற்கு இடுப்பை வளைத்து ஓர் ஆட்டம். எரிந்துபோன ஊரைப் பற்றி மூச்சே இல்லை! ஆறு வயதுத் தம்பி பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழ, எங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை என்னைத் திட்ட, அந்தப் பின்னேரமே நாசமாகப் போனது.

மறுநாள் வகுப்பும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. "கரப்பானுக்குப் பயப்புடுறவன் எப்புடிடி ஊரக் காப்பாத்துவான்?" என்றாள் பக்கத்தில் இருப்பவள். நியாயமான கேள்வி. ஒரு பையன் கருங்கல் வீரனை வரைந்து வைத்திருந்த கொப்பியையே கிழித்துப் போட்டான். கண்டியில் படித்துக்கொண்டிருந்த மாமா மகன், உலகம் முழுக்க ஆட்கள் இதே கார்ட்டூனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தன் போனில் காட்டினான். எங்களுக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை, ஆனால் வரிசையாகப் போட்டிருந்த சிவப்புக் கோப மூஞ்சிகள் நன்றாகவே விளங்கின. இவ்வளவு பேர் நம் பக்கம் இருக்கும்போது சும்மா இருக்கலாமா? டீவி நிலையத்துக்கு ஒரு பெட்டிசம், அதாவது புகார் மனு, போடுவதென்று முடிவெடுத்தேன்.

பெட்டிசம் எனக்குப் புதிதில்லை. அப்பா டவுனில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் டைப் அடிக்கிறவர். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணீர் வராவிட்டாலும், எல்லையில் நிற்கும் பலாமரத்தை அடுத்த வீட்டுக்காரன் வெட்டிவிட்டாலும், ஆட்கள் அப்பாவிடம் வந்து பெட்டிசம் எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் பாஷை எனக்கு மனப்பாடம். "மேற்படி கருங்கல் வீரன் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எல்லாப் பெட்டிசத்திலும் இருப்பது போல, அடியில் பிரதிகள் யார் யாருக்கு என்றும் போட்டேன்: ஜனாதிபதி அவர்கள், கல்விப் பணிப்பாளர் அவர்கள், பொலிஸ் பொறுப்பதிகாரி அவர்கள். அப்பா வாசித்தார், சிரிக்கவில்லை. "கேவலம்னு எழுதாத. மனவேதனைன்னு எழுது, அப்பத்தான் படிப்பாங்க" என்றார். அடுத்த நாள் டைப் அடித்தும் கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பில் கையெழுத்து வாங்கினேன். தம்பியிடமும் நீட்டினேன். அந்தத் துரோகி போட மாட்டேன் என்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமைதான் அம்மா பேசும் நாள். அன்றைக்கு யாரையும் பேச விடாமல் அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நடந்த அநியாயம் முழுவதையும் கொட்டினேன். கடைசியில், "உங்க பேரையும் போடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அம்மா சிரித்தார். "அடியே, அது இங்கயும் வருதுடி. அரபியில. நான் தெனமும் பாக்குறேன். பாணு சுடுற பாட்டு ஒண்ணு வந்துச்சே, பாத்தியா? சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துருச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யார் சிரித்திருந்தாலும் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். பக்கத்தில் உட்கார வைத்து நானே கதை சொல்லிக் கொடுத்த ஆள் இப்படிச் செய்யலாமா? "அது அவனே இல்லம்மா! ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கண்றாவியப் பாத்துச் சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். தாயிடம் கேட்கிற கேள்வியா அது? அப்பா போனை வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை.

"சரி சரி, கோவிச்சுக்காத தங்கம்" என்றார் அம்மா.

"இனிமே பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. என் தலையில அடிச்சு."

"இங்கருந்து எப்புடிடி ஒன் தலையில அடிக்கிறது?"

"நானே கைய வச்சுக்கிறேன். நீங்க சொல்லுங்க."

என் கையை என் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "ஒன் தலை மேல சத்தியமா இனிமே பாக்க மாட்டேன்" என்றார்.

பெட்டிசத்தைத் தபாலில் அனுப்பினோம். டீவிக்காரர்கள் பதில் போடவில்லை. ஜனாதிபதியும் போடவில்லை. கட்டைக்கால் வீரன் தன் பாட்டுக்கு இடுப்பை வளைத்துக்கொண்டேதான் இருந்தான். ஆனாலும் பார்க்கிற ஆட்களில் ஒருவரைக் குறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய திருப்தி. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பேச்சு, சாப்பிட்டியா, படிச்சியா, தம்பிய அடிக்காத என்பதோடு முடிந்தது. அம்மா இன்னும் ஒன்றரை வருடம் அங்கே இருந்துவிட்டுத்தான் வந்தார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி அந்தக் கார்ட்டூனை எங்கிருந்தோ தேடி எடுத்து டீவியில் போட்டான். இப்போது மீசை வைத்துக்கொண்டு குண்டசாலைக்கு வேலைக்குப் போகிறான், என்னைச் சீண்டும் புத்தி மட்டும் போகவில்லை. நான் வழக்கம் போலத் திட்டத் தொடங்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, வீரன் வாளிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும் கட்டம் வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு மூன்று கதை அப்படியே சிரித்துக்கொண்டு பார்த்தார். அடுத்தது வந்ததும், "இது நான் பாக்கலப்பா. இதுக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டேன்" என்றார்.

"ஏம்மா?" என்று தம்பி கேட்டான்.

"ஒங்கக்காதான் சத்தியம் வாங்கிட்டாளே." அதற்கும் ஒரு சிரிப்பு. "அந்தக் குவைத் வீட்டுல வெடியக்காலம் எந்திரிச்சா ராவு வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும், ஒக்காரக் கூடாது. இந்த கார்ட்டூன் போட்டா மட்டும் அங்க உள்ள சின்னதுங்க ரெண்டும் என் கையப் புடிச்சு ஹோலுக்கு இழுத்துட்டுப் போயி நடுவுல ஒக்கார வச்சுக்குங்க. அந்த அரை மணித்தியாலத்துக்கு மேடமும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பேசுறது ஒரு சொல்லு வெளங்காது, ஆனா கத வெளங்கும். இவன் விழுறான், எந்திரிக்கிறான், ஆடுறான். அதுக்கு எதுக்குப் பாஷை? பழைய உம்மணாமூஞ்சியா இருந்தா எனக்கு என்னா வெளங்கியிருக்கும்?"

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"அதுக்கப்புறம் சின்னதுங்க வந்து கூப்புடும். குசினியில சமையல் வேல இருக்குன்னு சொல்லிருவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா! இல்லாட்டி சொல்லாமப் பாத்திருக்கலாம். எனக்கு எப்புடித் தெரியப் போவுது?" என்று, இந்த வயதிலும் அவரிடமே கத்தினேன்.

"ஒன் தலையில பண்ணுன சத்தியம்டி" என்றார் அம்மா, உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே.

அந்தக் கார்ட்டூன் குப்பைதான், அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவது சண்டையில் ஜெயிப்பதற்கான வழி என்றுதான் பத்து வயதில் நினைத்திருந்தேன். என் தலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அம்மா ஒன்றரை வருடம் அந்தக் குசினியில் நின்றுகொண்டே இருந்தது எனக்குத் தெரியாது.