கறுப்புக் காரில் சிவப்பு அம்பு

போன புதன்கிழமை பல்லடம் சிக்னலில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு கறுப்புக் கார். வெயிலில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. டிக்கி மூடியின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

பக்கத்து பைக்கில் இருந்தவர் என்னைப் பார்த்தார்.

“இத்தன நல்ல வண்டீல ஸ்டிக்கரப் பிரிக்காம உட்டுட்டாங்க பாருங்க!” என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வண்டி நான் பாலிஷ் போட்டது. ஸ்டிக்கரும் நான் ஒட்டியதுதான்.

பச்சை விழுந்தது. கார் போய்விட்டது. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பனியன் கம்பெனிக்குள் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாக் கம்பெனியிலும் செக்கிங் என்று ஓர் இடம் உண்டு. நீள மேஜை, மேலே டியூப் லைட். தைத்து வந்த பனியனை விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் - எது இருந்தாலும் அங்கே ஓர் அம்பு ஸ்டிக்கர். அம்பு விழுந்த பனியன் பெட்டிக்குள் போகாது.

அந்த அம்பு கார் மேல் ஏறியது எப்படி?

கார், பனியன் கம்பெனி முதலாளி பொன்னுச்சாமியுடையது. லாரி உரசி ஒரு பக்கமே போய்விட்டது. டிங்கரிங் முடித்து முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்லி என் ஷெட்டில் விட்டார். முதலில் கலர். அது காய்ந்ததும் மேலே க்ளியர் கோட். நிறமே இல்லாத ஒரு பூச்சு, அவ்வளவுதான். ஆனால் வண்டியின் பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் க்ளியர் அடிப்பது லேசில்லை. காற்றிலேயே பஞ்சு பறக்கிற ஊர். அதிலும் இது ஆடிக் காற்று. வாசலில் ஈரச்சாக்கு கட்டுவேன். தரை முழுக்கத் தண்ணீர் தெளிப்பேன். எதைச் செய்தாலும் சரி, நாலு தூசி உள்ளே வந்து ஈரத்தில் உட்கார்ந்துவிடும். காய்ந்த பிறகு கடுகு கடுகாய்த் தட்டுப்படும். அதை வாட்டர் பேப்பர் என்கிற நைஸான உப்புத்தாளால் தேய்த்து, பிறகு மெஷினால் பாலிஷ் ஏற்ற வேண்டும்.

க்ளியர் காய்ந்த அன்று காலை ஷெட் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் அம்பு ஸ்டிக்கர் சுருள்.

“அண்ணே, நா ஜெசிந்தா. மொதலாளி கம்பெனில செக்கிங். வண்டிய செக் பண்ணச் சொல்லி அனுப்பிருக்காங்க.”

“வண்டியையா?”

“ஆமாண்ணே. எனக்கே சிரிப்பாத்தாம் இருக்கு.”

ஆனால் அவர் சிரிக்கவில்லை.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கார் கதவின் மேல் முகத்தைக் கொண்டுபோனார். பிறகு பின்னால் இழுத்தார். மறுபடி கொண்டுபோனார். கடைசியில் இடுப்பிலிருந்து ஒரு பனியன் துணித் துண்டை எடுத்தார். மெல்லிசுத் துணி. அதைக் கைக்கும் வண்டிக்கும் நடுவில் வைத்துத் தடவிக்கொண்டே போனார். கண் வண்டியில் இல்லை. பொங்கலூர்ப் பக்கம் தெரிகிற காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறாரோ என்று நினைத்தேன்.

கை நின்றது. ஒரு ஸ்டிக்கர்.

மறுபடி நகர்ந்தது. நின்றது. இன்னொன்று.

நானும் அப்படித்தான் பார்ப்பேன். வெறும் விரலுக்குத் தெரியாத தூசி, துணி வழியாகத் தெரியும். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. 

மதியத்துக்குள் வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

“இது போதுங்களா, இன்னும் இருக்குதுங்களா?” என்றேன்.

“கோவிச்சுக்கிடாதீங்கண்ணே. ஒண்ண விட்டாலும் என் பொழப்பு போயிரும்.”

அப்போதுதான் சொன்னார். போன மாதம் வெளிநாட்டுக்குப் போன பனியனில் ஒரு கட்டு திரும்பி வந்திருக்கிறது. கழுத்தோரம் ஊசி ஓட்டை. அவர் மேஜையில் பாஸான கட்டு. சூப்பர்வைசர் போய், அந்தம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். முதலாளி கூப்பிட்டு, போய் என் வண்டியைப் பார்த்துவிட்டு வா என்றிருக்கிறார். நீ விட்டது ஒன்றை நான் பிடித்தால் திங்கட்கிழமையிலிருந்து பிசிறு வெட்டப் போ என்றிருக்கிறார். பிசிறு வெட்டுவது என்றால், பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை.

“பிசிறு வெட்டுதது கேவலமில்லண்ணே. ஆனா அதே ஹால்ல, அதே ஆளுங்க முன்னால எறங்கிப் போவணும்லா...”

“கண்ணு தெரியுதுங்களா?” என்றேன்.

ஸ்டிக்கர் சுருளைப் பையில் போட்டார்.

“தூரம் நல்லாத் தெரியுது” என்றார்.

மறுநாள் தேய்ப்பு.

ரெண்டாயிரம் நம்பர் பேப்பர். காகிதத்தைவிட வழவழப்பாக இருக்கும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ரப்பர் கட்டையில் சுற்றி, அம்பு அம்பாக எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பால் மாதிரித் தண்ணீர் வழியும். வெள்ளையாக வருகிறவரை பயமில்லை. கறுப்பாக வந்தால் க்ளியர் தீர்ந்துவிட்டது, கீழே கலரைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். பிறகு அந்தப் பாகத்தையே மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அதனால் தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு நினைப்பு வராது. ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று ஒரே சத்தம். சோளத்தட்டுக்குள் காற்று போகிற மாதிரி. ரோட்டில் லாரி போகும், காதில் விழாது. டீ ஆறிப்போகும். கை தானாகப் போகும், தானாக வரும். எங்கே இருக்கிறோம் என்பது மறந்துவிடும். தூக்கமும் இல்லை. விழிப்பும் இல்லை.

நீங்களும் ஏதாவது ஒரு வேலையில் இப்படி இருந்திருப்பீர்கள்... இல்லையா?

தேய்த்து முடித்தால் வண்டி செத்துப்போன மாதிரி இருக்கும். சாம்பல் பூசின கறுப்பு. தெரியாதவர் பார்த்தால் வயிற்றில் அடித்துக்கொள்வார். இருந்த பளபளப்பையும் கெடுத்துவிட்டானே என்பார். கெடுத்தால்தான் வரும். கூச்சப்பட்டுக்கொண்டு விட்டால் தூசி தூசியாகவே இருக்கும்.

பிறகு காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைத் தடவி, கம்பளி மாட்டின மெஷினை வைத்தேன். அழுத்தக்கூடாது. ஓரிடத்தில் நிற்கவும் கூடாது. சூட்டில் க்ளியர் வெந்துவிடும். மெதுவாக, மெதுவாக.

முதலில் ஒரு கை அகலத்துக்கு வானம் வந்தது.

பிறகு ஷெட் வாசல் வேப்ப மரம். அதன் பின்னால் ஒரு மேகம். சாம்பல் விலக விலக பானட்டுக்குள் பகல் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் காற்றாலை. மூன்று இறக்கை. காருக்குள் எங்கோ ஆழத்தில் மெல்லச் சுற்றியது. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை விட்டால் நனையும் என்று தோன்றியது.

டிக்கிக்கு வந்தேன். அங்கேயும் வானம் வந்தது. அந்த வானத்தில் ஒரு கோடு.

துணியால் துடைத்தேன். போகவில்லை. விரலால் தொட்டேன். தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தேன். கண் இமை முடி அளவு ஒரு பஞ்சு இழை. வெள்ளை. க்ளியருக்கு மேலே இல்லை, அடியில். கலருக்கும் க்ளியருக்கும் நடுவில் படுத்திருந்தது. அதன் மேல் வழவழவென்று கண்ணாடித் தளம்.

எடுக்க வேண்டுமென்றால் டிக்கி மூடியை மொத்தமாகத் தேய்த்து இறக்க வேண்டும். மறுபடி கலர், மறுபடி க்ளியர், மறுபடி இந்தத் தேய்ப்பு.

எப்படி வந்தது? யோசித்தேன். கலர் அடித்து முடித்து, க்ளியர் கலக்கிக்கொண்டிருந்தபோது ஈரச்சாக்கை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வந்து டிக்கிப் பக்கம் நின்றார். ஒரு நிமிஷம் பார்த்தார். போனார்.

சரி. அதை அப்புறம் பேசலாம்.

கடைசிப் பார்வைக்கு ஜெசிந்தா வந்தார். துணியை வைத்துத் தடவினார். பானட், கதவு, கூரை. கை எங்கும் நிற்கவில்லை. டிக்கி மூடியிலும் நிற்கவில்லை. இழையின் மேலேயே போய்விட்டு வந்தது.

“தண்ணி மேல கை வச்ச மாதிரி இருக்குண்ணே! ஒண்ணுமே இல்ல. பாஸ்!” என்றார். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். “மொதலாளி வாராங்க. போன் பண்ணிட்டேன்.”

நான் என்ன செய்வது?

பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. முதலாளிக்குத் தெரியாமலும் போகலாம். தெரிந்தால் திங்கட்கிழமை பிசிறு வெட்டுவது நானில்லை. சொன்னால் டிக்கி வேலை மறுபடி என் தலையில்.

பேச எனக்கு வராது. ஜெசிந்தா ஷெட் மேஜையில் வைத்திருந்த சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிழித்தேன். இழைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

“என்னண்ணே அது?” என்றார் ஜெசிந்தா.

பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். பானட் பக்கம் வந்தார். பானட்டுக்குள் சுற்றிய காற்றாலையை அவரும் பார்த்திருப்பார். பிறகு சுற்றி வந்தார். டிக்கியில் அம்பு.

“என்னுங்க இது?”

“பஞ்சுங்க.”

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக் குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்தார்.

“அட! ஏம்மா, இத்துணூண்டு இழை. இதையே புடிச்சுட்டியா? உன்னயப் போயி கண்ணு தெரியலீங்கறானே அந்த சூப்பர்வைசர்!”

முடிந்தது என்று நினைத்தேன். ஜெசிந்தா தலையை ஆட்டினார்.

“நா ஒட்டலீங்க.”

“பின்ன?”

“அந்த அண்ணன் ஒட்டுனாங்க. அங்க என்ன இருக்குன்னு இப்பவும் எனக்குத் தெரியல. நா பாஸ்னு சொல்லிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருந்திருக்கலாமே அம்மா! ஆனால் அவர் செக்கிங். தான் ஒட்டாத அம்பைத் தன்னுடையது என்று சொல்ல வரவில்லை. 

முதலாளி என்னைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“கிட்டத்துலதான தெரியல?”

“...ஆமாங்க.”

“ஏம்மா, கண்ணாடி போட்டா ஆகாதா?”

“கண்ணாடி போட்டா செக்கிங்ல இருந்து எடுத்துருவாங்கன்னு சொல்லுதாங்க.”

“யாரு சொன்னது?”

“எல்லாருந்தான்.”

“மொதலாளி சட்டப் பையிலயே எந்நேரமும் ஒண்ணு உக்காந்திருக்குது. அதப் பாத்துமா அப்படிப் பேசறாங்க?”

கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். ஜெசிந்தா வாங்கத் தயங்கினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி மாட்டினார். டிக்கியின் மேல் குனிந்தார்.

“யேசப்பா... புழு மாதிரில்லா கெடக்கு!”

அவர் நிமிரவே இல்லை. இழையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் தெரிந்த வேப்ப மரத்தைப் பார்த்தார். தன் முகத்தையும் பார்த்திருப்பார். கண்ணாடியோடு, கறுப்புத் தண்ணீருக்குள்.

“நாளைக்கி லீவு எடுத்துக்க. போயி கண்ணக் காட்டு. கணக்கு ஆபீஸ்ல நாஞ் சொல்றேன்” என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். “அது போகட்டும். நீங்க சாக்கெல்லாம் கட்டித்தான வெச்சிருந்தீங்க? பஞ்சு எப்படீங்க உள்ள வந்துச்சு?”

எனக்கு அதிகம் பேச வராது என்றேனே.

“நீங்க வந்தீங்க” என்றேன்.

“நானா?”

“கலர் அடிச்சன்னிக்கு. நிட்டிங்ல இருந்து நேரா.”

அவர் தன் சட்டைக் கையைப் பார்த்தார். அன்றும் துணி பின்னுகிற அந்த நிட்டிங் மெஷின்களிடமிருந்து நேராகத்தான் வந்திருந்தார். முழங்கையில், காலரில், காதோர முடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. இந்த ஊரில் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. வேர்வை மாதிரி அதுவும் உடம்போடு இருக்கிறது. தட்டிவிடப் போனார். வண்டி பக்கத்தில் இருந்தது. கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். வெளியே போய், ரோட்டோரம் நின்று தட்டிவிட்டு வந்தார்.

“டிக்கிய மறுபடி அடிச்சுத் தர்றனுங்க” என்றேன்.

“வேண்டாமுங்க. எங்க பஞ்சுதான? இருந்துட்டுப் போகுது.”

சாவியை வாங்கிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். அம்பைப் பிரிக்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? போன புதன்கிழமைவரை அது அங்கேயே இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தப்பைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. தன் கண்ணில் படாத தப்பை, படவில்லை என்று சொல்வது வேறு. முன்னதற்குக் கடையில் கண்ணாடி கிடைக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து ஜெசிந்தா ஷெட்டுக்கு வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. திங்கட்கிழமை செக்கிங்தான் என்று சொல்லிவிட்டுப் போக வந்தாராம். நல்லதுங்க என்றேன். டீ சொன்னேன். குடித்துக்கொண்டே, நான் அன்று காலைதான் பாலிஷ் முடித்து நிறுத்தியிருந்த வெள்ளைக் காரைப் பார்த்தார்.

டம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இங்க ஒண்ணு இருக்கு... அங்கயும் ஒண்ணு.”

அவருக்கு இப்போது எல்லாம் தெரிகிறது. கஷ்டம் எனக்குத்தான்.