வாரத்துக்கு நாலு டெஸ்ட்

என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. வாழ்நாள் முழுக்க நான் எழுதிய பரீட்சைகளைவிட அவள் அந்த ஒரு வருஷத்தில் அதிகம் எழுதியிருப்பாள். எண்பதுகளின் கடைசியில் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் அவள் ஒன்றாம் வகுப்பு. திங்கட்கிழமைதோறும் அங்கே டெஸ்ட். மார்க் குறைந்தால் கார்டில் சிவப்பு மையில் வட்டம். மூன்று வட்டம் விழுந்தால் மறுபடி யூகேஜியில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். பால்பல்லே விழாத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "காம்பெடிஷன் உலகம்மா" என்பார் தலைமையாசிரியை. உலகம் என்று அவர் கைகாட்டிய திசையில் ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது.

என் கணவர் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். பெரிய இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால், பாகங்களையெல்லாம் தாங்களே ஒருமுறை அளந்து சரிபார்த்து வைப்பது அங்கே வழக்கம். முன்சோதனை என்பார்கள். மனிதர் அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில், மகளை ஸ்டூல் முன்னால் உட்கார வைத்து டெஸ்ட். நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று அவரே ஊகித்து எழுதுவார். கையில் வாட்ச். "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று அறிவிப்பு வேறு.

எங்கள் வீட்டு வரிசையில் எல்லா அப்பாக்களுக்கும் அதே ஃபேக்டரிதான், பிள்ளைகளுக்கும் அதே பள்ளிக்கூடம்தான். இரண்டே வாரத்தில், கேள்விகளைக் கார்பன் பேப்பர் வைத்துப் பிரதி எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு பதினோரு மணிக்குக் காக்கா கத்தினால்கூட யாராவது ஒரு அப்பா "சைலன்ஸ்" என்பார்.

பலன் கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மார்க் ஏறியது. பார்த்தார் தலைமையாசிரியை, ஒரு டெஸ்டுக்கே இவ்வளவு பலனா என்று வியாழக்கிழமையும் ஒன்று சேர்த்துவிட்டார். உடனே எங்கள் வீட்டில் புதன்கிழமை சாயங்காலமும் முன்சோதனை. ஆக வாரத்துக்கு நாலு. அவர் ஒன்று ஏற்ற, இவர் ஒன்று ஏற்ற, நடுவில் என் பிள்ளை.

ஒரு திங்கட்கிழமை அவளைப் பள்ளியில் விடப் போனேன். பள்ளிக்கூட ஆயா பக்கெட்டும் துடைப்பமுமாக என்னை மறித்துக்கொண்டார்.

"இன்னாம்மா பண்றீங்க புள்ளைங்கள? திங்கக்கெயம வந்தா வாந்தி எடுக்குதுங்க. ஊட்ல இட்லி துன்றது, இங்க வந்து கக்குறது. உம் பொண்ணும்தான். நான் கயுவிக்கினே கீறேன்."

மகள் இதை வீட்டில் சொல்லவே இல்லை. சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "மாவு புளிச்சிருக்கும்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டிருக்கக் கூடாது. போட்டேன், அதுவும் அப்பளம் பொரித்து. இன்றைக்கும் அந்த அப்பளத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் கழித்து, "தோசை வேணுமா, உப்புமா வேணுமா?" என்று மகளிடம் கேட்டேன். தோசைக்காகக் கத்தித் தெருவையே கூட்டுகிற பிள்ளை அவள். விளையாட்டை விட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"எதும்மா கரெக்ட்?" என்றாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "ரெண்டுமே கரெக்ட்தாம்மா" என்றார். அவள் நம்பவில்லை.

மறுநாள் அவர் லீவு போட்டார். இருவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். ஆயாவும் பக்கெட்டோடு அறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"மேடம், எங்க ஃபேக்டரியில இரும்பைக்கூட வாரத்துக்கு நாலு தடவை செக் பண்றதில்ல. அளந்துகிட்டே இருந்தா இரும்பே தேஞ்சிடும்" என்றார் என் கணவர்.

"வேற யாரும் கம்ப்ளைண்ட் பண்ணலையே சார். எந்தெந்தப் பிள்ளைக்கு டெஸ்ட் ஒத்துக்கலைன்னு தெரியணும்னா, அதுக்கு ஒரு டெஸ்ட் வச்சுப் பார்த்துடலாம்" என்றார் தலைமையாசிரியை. சிரிக்காமல்தான் சொன்னார்.

ஆயா உள்ளே வந்து பக்கெட்டை அவர் மேஜையருகே வைத்தார். "அப்ப நீயே கயுவு டீச்சரு. எனுக்கு இடுப்பு புட்டுகிச்சு."

வியாழக்கிழமை டெஸ்ட் அன்றோடு நின்றது. சிவப்பு வட்டமும் போனது. திங்கட்கிழமையை மட்டும் தலைமையாசிரியை விட்டுக்கொடுக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த வெற்றி அவ்வளவுதான், அதிலும் முக்கால்வாசி ஆயாவுடையது.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு, மகள் தானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு, பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இனிமே வீட்ல டெஸ்ட் கிடையாதும்மா. போய் விளையாடு" என்றார் கணவர்.

அவள் எழுந்திருக்கவில்லை. உதடு பிதுங்கியது. "நான் ஃபெயிலாயிட்டேனாப்பா? அதான் எனக்கு டெஸ்ட் வைக்கலியா?"

அவர் முகம் செத்துப்போனது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நீ இல்லம்மா. அப்பாதான் ஃபெயில்" என்றார்.

அவள் அவர் கன்னத்தைத் தடவிக்கொடுத்து, "பரவாயில்லப்பா. அடுத்த வாரம் நல்லாப் படிச்சிட்டு எழுதுங்க" என்றாள்.