பூட்டுப் போட்டாச்சு

அன்றைக்குப் பாலத்தில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான்: நான், என் அப்பா, மதுரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஆசாரி, அவருடைய மச்சினன். இருக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. காண்டிராக்டர் மதுரையில் இருந்தார். ஓவர்சியர் வந்து பத்துப் பதினைந்து நாளாகியிருந்தது. பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த பெரிய கொத்தனார் பாய், வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மா தொழுகைக்குப் பேரையூர் போயிருந்தார். அவர் போனால் சித்தாட்களுக்கும் அரை நாள் லீவு.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், பங்குனி மாதம். பேரையூர் ரோட்டில் ஓர் ஓடையின் குறுக்கே, ஒரே வளைவில் நிற்கிற ஒற்றைக் கண் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடையில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த செடி, மாறு மட்டும் நின்றுகொண்டிருந்தது. நிழலென்று ஒதுங்க அந்த வளைவின் அடிப்பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை.

எட்டாம் வகுப்புத் தேறியிருந்ததால் எனக்கு அங்கே கணக்கெழுதும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதல். என் அப்பாவை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், எனக்கு வேலை கிடைத்த கையோடு அதே பாலத்தில் காவலாளியாகச் சேர்ந்துகொண்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலத்தின் வளைவை இரண்டு கரையிலிருந்தும் கல் வைத்துக் கட்டிக்கொண்டே வருவார்கள். கீழே மரத்தால் அதே வளைவில் ஒரு சட்டம் போட்டு, அதன் முதுகில்தான் கல் ஏறும். சட்டத்தைத் தாங்கக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஆப்பு. இரண்டு பக்கமும் ஏறி வந்து உச்சியில் ஒரு சாண் இடைவெளி மிஞ்சும். அதில் கடைசியாக இறங்குகிற கல் வரிசைக்குப் பெயர் பூட்டுக்கல். அது இறங்கிச் சுண்ணாம்பும் இறுகிய பிறகு ஆப்பைத் தட்டிச் சட்டத்தை உருவி எடுத்துவிடலாம். வளைவு தானாக நிற்கும். பூட்டுக்கல் இல்லாமல் ஆப்பைத் தட்டினால் இரண்டு பக்கமும் உள்ளே சரிந்து விழுந்துவிடும். கொத்தனார்களும் ஆசாரிகளும் இதைக் கல் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 'பூட்டுப் போட்டாச்சா' என்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பாலத்தில் இன்னொரு பூட்டும் இருந்தது. சுண்ணாம்பு அரைக்கும்போது கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள். கொட்டகையில் வைத்த கருப்பட்டி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தது. காண்டிராக்டர் சத்தம் போட்டுவிட்டு, மதுரையிலிருந்து கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி அனுப்பினார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அதைக் கொட்டகைக் கதவில் மாட்டினோம். சாவி அய்யாவின் அரைஞாண் கயிற்றில். அன்றிலிருந்து யார் வந்தாலும் போனாலும் அவரிடம் கேட்கிற முதல் கேள்வி, பூட்டுப் போட்டாச்சா என்பதுதான். பாய்கூட வேடிக்கையாகக் கேட்பார்: "என்ன மாப்ள, கருப்பட்டிய உள்ள வச்சுப் பூட்டுனியா, எறும்ப உள்ள வச்சுப் பூட்டுனியா?"

உச்சிக் கற்கள் மலையிலிருந்து வருவதற்குத் தாமதமாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்து இறங்கின. பாய் அவற்றை வளைவின் மேலே இடைவெளிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்து, தொழுகை முடித்து வந்து இறக்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் புதுச் சுண்ணாம்பு வெடித்துவிடக் கூடாதென்று மேலே முழுக்க ஈரச் சாக்கு விரித்திருந்தது. அதை நனைத்துக்கொண்டே இருக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார்.

காண்டிராக்டருக்கு இந்தத் தாமதம் தெரியாது. பூட்டு விழுந்து நாளாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, சட்டத்தைக் கழற்றி அடுத்த பாலத்துக்குக் கொண்டுபோக ஆசாரியை அனுப்பிவிட்டார். ஆசாரி ஓடைக்குள்ளேயே வண்டியை இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கீழேயிருந்து பார்த்தால் பலகைதான் தெரியும், உச்சியில் இடைவெளி இருப்பது தெரியாது. நான் மேலே இருந்ததும் தெரியாது. கரையில் உட்கார்ந்திருந்த அய்யாவிடம், தள்ளி நின்றபடியே கேட்டிருக்கிறார். அவர் அய்யா பக்கத்தில் வந்து பேசுகிறவர் இல்லை. தண்ணீர்கூட அய்யா கையால் வாங்கமாட்டார். அங்கே நடந்த பேச்சை அய்யா பிற்பாடு என்னிடம் அப்படியே சொன்னார்.

"ஏப்பா, பூட்டுப் போட்டாச்சா?"

"போட்டாச்சு சாமி. போன வெள்ளிக்கிழமையே போட்டாச்சு."

"நல்லா இறுகிருச்சா?"

"இறுக்கமாத்தான் இருக்கு சாமி."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆசாரி நிம்மதியாக வேலையை ஆரம்பித்துவிட்டார். மச்சினன் ஒருத்தனால் முடியாதென்று, கழற்றுகிற காலைப் பிடித்துக்கொள்ள அய்யாவையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

நான் மேலே குடத்தைச் சாய்த்துச் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். கீழே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. அய்யா அடுப்புக்கு விறகு பிளக்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த குடத்தை ஊற்றினேன். தண்ணீர் வழக்கம்போல ஓரத்துக்கு வழிந்து ஓடவில்லை. வளைவின் தோள்பக்கம் ஓர் இடத்தில் நின்று, சர்ரென்று உள்ளே இறங்கிவிட்டது. சாக்கை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கல்லுக்கு நடுவில், காலையில் இல்லாத ஒரு கோடு. மயிரிழைதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூல் கனம் ஆனது.

என் காலுக்கடியில் ஏதோ அசைந்தது. அசைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வயிற்றுக்குள் மட்டும் தெரிந்தது. நான் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டேன். ஏன் படுத்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. நிற்கப் பயமாக இருந்தது, ஓடவும் பயமாக இருந்தது. உச்சி இடைவெளியில் வாயை வைத்து, கீழே யார் என்று கேட்டேன்.

"நாந்தான்டா" என்றது அய்யாவின் குரல், என் மார்புக்கு நேர் கீழேயிருந்து. "ஆசாரியோட ஆப்பு எடுக்கோம்."

"அய்யா, எடுக்காதீங்க. இன்னும் பூட்டுப் போடல."

"அதெல்லாம் போட்டாச்சுடா. சாவி என் இடுப்புலதான் கெடக்கு."

பங்குனி வெயிலில் கல்மேல் கிடக்கிறவனுக்குப் பல் கிட்டியது. அய்யாவிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? பூட்டு என்றால் அவருக்கு ஒரே பூட்டுதான். கல்லுப்பூட்டு, நடுக்கல்லு, உச்சியில் கல்லு இன்னும் வைக்கவில்லை என்று என்னென்னவோ உளறினேன். ஆசாரிக்குத்தான் முதலில் விளங்கியது. டொக் டொக் சத்தம் நின்றது. பிறகு யாரோ மணலில் விழுந்தடித்து ஓடுகிற சத்தம். அது மச்சினன்.

ஒரு பக்கத்து ஆப்புகளை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் ஒரே ஒரு காலில், அதுவும் சாய்ந்து நின்ற காலில். அந்தக் கால் அய்யாவின் தோளில். அவர் விட்டால் கால் வழுக்கும், கால் வழுக்கினால் சட்டம் போகும், சட்டம் போனால் அந்தத் தோள்பக்கக் கல் முழுக்க அவர் தலைமேல். ஆசாரி வெளி ஓரத்து ஆப்பருகே இருந்தார், ஓடியிருக்கலாம். அவர் உள்ளே வந்து அய்யாவின் தோளோடு தோள் ஒட்டி, அதே காலைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுறாதப்பா" என்று அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "விட்டா ரெண்டு பேரும் போனோம்."

தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தேன். பொட்டல் காட்டில் ரோடு நேராகக் கிடந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதற்கு மேலே கறுப்பாகக் குடை. பாய்தான். நான் ஒரு சாக்கை உருவி எடுத்து ஆட்டினேன். புள்ளி நின்றது. குடையை மடக்கி, அவரும் என்னைப் பார்த்து ஆட்டினார். பிறகு மறுபடி குடையை விரித்துக்கொண்டு அதே நடையில் வரத் தொடங்கினார்.

கத்த வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கத்தினால் வளைவு அதிரும் என்று எனக்குப் பட்டது. எட்டாம் வகுப்புவரை படித்தவன்தான்; குரலுக்குக் கல் விழாது என்பது தெரியும். ஆனாலும் மூச்சைக்கூட இழுத்து விடவில்லை. அய்யாவின் மூச்சு மட்டும் இடைவெளி வழியாக மேலே வந்துகொண்டிருந்தது, பாரம் இழுக்கிற மாட்டின் மூச்சுபோல. ஒவ்வொரு முறை அது நின்று திரும்ப வரும்போதும் நான் கண்ணை மூடித் திறந்தேன்.

ஓடையில் நின்ற வண்டி எப்போது பாய் கண்ணில் பட்டதோ தெரியாது. குடை ரோட்டில் விழுந்தது. அந்தக் கனத்த மனுஷர் ஓடி நான் பார்த்ததே இல்லை. வந்தவர் மேலே ஏறவில்லை, திட்டவுமில்லை. பக்கவாட்டில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, உச்சியில சாண் விரிச்ச கை போகுதா?"

விட்டுப் பார்த்தேன். காலையில் ஒரு சாண் தாராளமாக இருந்த இடம் கொஞ்சம் நெருங்கியிருந்தது. போகுது, ஆனால் உரசுது என்றேன்.

"எந்திரிக்காத. படுத்த மேனிக்கே ஒவ்வொரு கல்லா நகட்டி உள்ள எறக்கு. அகலமான பக்கம் மேல. தூக்கிப் போட்றாத." சொல்லிவிட்டு, தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவரும் வளைவுக்கு அடியில் போனார். இப்போது கீழே மூன்று பேர்.

முதல் கல் இறங்கியது. எனக்கு வேர்த்த வேர்வையில் கல் வழுக்கியது. அடுத்தது என்றார் பாய். இறக்கினேன். அவர் கீழே ஆப்பைத் தட்டாமல், கையாலேயே அழுத்தி அழுத்தித் திரும்ப உள்ளே செருகிக்கொண்டிருந்தார். அடுத்தது, அடுத்தது என்று குரல் மட்டும் வந்தது. கடைசிக் கல் இறங்க மறுத்தது. பாதியில் நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, அழுத்தினாலும் போகவில்லை. பக்கத்தில் மரச்சுத்தி கிடக்கிறது, தட்டு என்றார் பாய்.

சுத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். ஓங்க முடியவில்லை. அந்த ஓர் அடியில் வளைவு பூட்டிக்கொள்ளலாம். அல்லது வளைவு விழ அந்த ஓர் அடியே போதுமானதாகவும் இருக்கலாம். முடியல பாய் என்றேன்.

கீழேயிருந்து அய்யா பேசினார். பாரத்துக்கடியில் அந்தக் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"தட்டுடா. நான் பிடிச்சிருக்கேன்."

தட்டினேன். கல் உள்ளே போன சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. பாலம் முழுவதும் ஒரு தரம் முனகிவிட்டு அடங்கியது. என் கன்னத்துக்குக் கீழேயிருந்த கல், அசையாத கல்லாக மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பாய் கடைசி ஆப்பைச் செருகி முடித்து "விடுங்கப்பா" என்று சொல்கிற வரைக்கும் நான் சுத்தியைக் கீழே வைக்கவில்லை.

ஆசாரி விட்டுவிட்டார். அய்யாவால் விட முடியவில்லை. விரல்கள் மரத்தோடு பிடித்துக்கொண்டுவிட்டன. ஆசாரியே ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி எடுத்துவிட்டார். வெளியே மணலில் உட்காரவைத்ததும், தம் சொம்பை எடுத்து அய்யா வாயில் தண்ணீர் ஊற்றினார். இது நடந்த மறு மாதம் அவர் சட்டத்தை எடுத்துப் போக வந்தபோது பழையபடி தள்ளி நின்றுதான் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் அய்யா திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "அவரு கேட்டாரு, நான் உள்ளதத்தானடா சொன்னேன்." ஆமாம் என்றேன். ஒரே வார்த்தையை இரண்டு பேர் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமே உண்மையைச் சொல்லி, ஓர் ஆள் சாகலாம் என்பதை அதற்கு முன்னால் நான் நினைத்துப் பார்த்ததில்லை. படிப்பு என்றால் தெரியாத வார்த்தையைத் தெரிந்துகொள்வது என்றுதான் இருந்தேன். தெரிந்த வார்த்தைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குப் பட்டது. இப்போது நான் வேறொரு பாலத்தில் வேலை பார்க்கிறேன். யார் எதைச் சொன்னாலும் எந்தக் கல், எந்தக் கால் என்று கேட்டு, கூடவே போய்க் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கீழே இறக்குகிறேன். அதற்காகக் கேலியும் செய்கிறார்கள்.

வெடித்த தோள்பக்கத்தைப் பாய் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினார். அந்தச் செலவை அவரும் ஆசாரியும் காண்டிராக்டரும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் பங்குக்கு, அய்யாவின் காவல் கூலியில் மூன்று ரூபாய் பிடித்தார்கள். தோளை நீவிவிட்ட வைத்தியருக்கு எண்ணெயோடு சேர்த்துப் பன்னிரண்டு அணா. அந்தத் தோள் இன்றும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது; ஆனால் அந்தத் தோளோடு அவர் தினமும் வீட்டுக்கு வந்து சேருகிறார். எப்போது கணக்குப் பார்த்தாலும் மூன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் வரவில்லை. இவ்வளவு குறைவாக முடிந்துவிட்டதே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நடுக்கமாக இருக்கிறது.