தவிடு கொடுத்து வாங்கிய வூக்

வூக் என்ற பேரை நான் முதலில் கேட்டபோது, ஏற்காட்டு மலையில் நாகலூர் காப்பி எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் தவிட்டு முறத்தோடு நின்றுகொண்டிருந்தேன். இருபத்து மூன்று வருடம் இருக்கும்.

என் தம்பி மாதேஸ்வரனுக்கும் அவன் பெண்டாட்டி சசிரேகாவுக்கும் மூன்று பிள்ளை பிறந்து, மூன்றும் முப்பது நாள் தாண்டவில்லை. நாலாவது பிறந்ததும் எங்கள் வழக்கப்படி செய்தோம். காலையில் அந்த வழியாக முதலில் வருகிறவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. அவர் வைக்கிற பேர்தான் பேர். பிள்ளை இந்த வீட்டுடையது இல்லை என்று எமன் ஏமாந்து போவான்.

அன்றைக்கு முதலில் வந்தது பங்களாவில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா. கூட வந்த ஜீப் டிரைவர் ஸ்டெபின் அவருக்கு விவரம் சொன்னான். அந்தம்மா பிள்ளையை வாங்கி வெகுநேரம் முகத்தையே பார்த்தார். பிறகு, "வூக்" என்றார்.

"அப்படின்னா என்னங்க?" என்றாள் சசிரேகா.

ஸ்டெபின் அந்தம்மாவிடம் கேட்டுவிட்டுத் தயங்கினான். "ஓநாயாமுங்க."

"நாயின்னு வெச்சிருந்தாலாவது ஊட்டைக் காக்கும்," என்று தம்பி முனகினான்.

சசிரேகா முறத்தைத் தொடவில்லை. தவிட்டைக் கொடுத்தால் அந்தப் பேர் நிலைத்துவிடும். கொடுக்காவிட்டால் பிள்ளை திரும்பாது.

அந்தம்மா மெல்லப் பேசினார். ஸ்டெபின் எடுத்துச் சொன்னான்:

"இவங்க ஊரு செர்பியாவுங்க. அங்க பிள்ளை தங்காத ஊட்ல அடுத்த பையனுக்கு ஓநாய்ன்னு பேரு வெப்பாங்களாம். பிள்ளை உசுரைத் திங்கற சூனியக்காரி அதுக்குத்தான் பயப்படுவாளாம். இவங்கப்பாவுக்கு முன்னால அஞ்சு போயிருச்சாமுங்க. அவரு பேரும் வூக்குதான். எண்பத்தி நாலு வரைக்கும் இருந்தாராம்."

காப்பிச் செடியே முளைக்காத பனி தேசமாம் அது. அங்கேயும் ஒருத்தி ஆறாவது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இதையேதான் யோசித்திருக்கிறாள். நாங்கள் குப்பன், பிச்சை என்று வைப்போம். அவள் ஓநாய் என்று வைத்தாள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சசிரேகா இரண்டு கையாலும் தவிட்டை அள்ளி அந்தம்மா முந்தானை போல் தோளில் போட்டிருந்த துண்டில் போட்டாள். பிள்ளையை வாங்கி, "வா சாமி, வூக்கு," என்றாள்.

முப்பதாம் நாள் வீட்டில் யாரும் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் பாலுக்கு அவன் கத்திய கத்து லைன் முழுக்கக் கேட்டது.

"ஓநாயேதான்," என்றான் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வூக் இப்போது மஞ்சக்குட்டையில் இருக்கிறான். ஏற்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறான்.